முன்பாரமும் பின்பாரமும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டிய அன்றே எங்கள் வகுப்பில் பாதிப் பேர் ரோபோவையும் மீதிப் பேர் மின்சாரக் காரையும் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது டிராக்டர். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நம்மில் பலர் டிராக்டர் நிற்கிற வீட்டிலிருந்தோ, டிராக்டரை வாடகைக்குக் கூப்பிடுகிற வீட்டிலிருந்தோ வந்தவர்கள்தான். டிப்ளமா முடித்து வெளியே போனதும் ரோபோ நம் கைக்கு வருமோ வராதோ, "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே படிச்சே, இந்த முன் ஆக்சில் ஏன் இப்படிப் படுத்துதுன்னு கொஞ்சம் பாரு" என்று சொந்தக்காரர் ஒருவர் கூப்பிடுவது மட்டும் நிச்சயம். அப்படிக் கூப்பிட்டால் என்ன சொல்லலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் மாமா ஊரில் டிராக்டர் பட்டறை ஒன்று இருக்கிறது. செமஸ்டர் லீவில் அங்கே போய் உட்காருவது என் வழக்கம். முன்னால் லோடர் மாட்டிய வண்டி உள்ளே நுழைந்தால், மேஸ்திரி குனிந்து பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "சென்டர் பின் புஷ் போயிருக்கும். ஹப் பேரிங் கரகரன்னு கத்தும்." பிரித்தால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். எரு அள்ளுகிற வண்டியானாலும் சரி, செங்கல் சூளையில் மண் தள்ளுகிற வண்டியானாலும் சரி, ஓனர் சொல்கிற வசனமும் ஒன்றுதான்: "ஆக்சிலே மட்டம் மேஸ்திரி. நல்லா தடியா ஒண்ணு அடிச்சுப் போடுங்க!" மேஸ்திரியும் ஆக்சிலுக்குக் கீழே பட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கொடுப்பார். கொஞ்ச நாள் ஓடும். பிறகு வெல்டிங் ஓரமாகவே விரிசல் கிளம்பும்.

முன் ஆக்சிலுக்கான மருந்து முன்னால் இல்லை, வண்டிக்குப் பின்னால் இருக்கிறது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களில் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர்களும் உண்டு என்பதுதான் வேடிக்கை. முதலாண்டில் "ஏ என்ற புள்ளியைப் பற்றி மொமெண்ட் எடுக்கவும்" என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். அந்தக் கணக்கு பீம் படத்தைத் தாண்டி வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

நம் தாத்தாக்களுக்கு இது நன்றாகத் தெரியும். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும்போது "முன்பாரமா இருக்கு, ரெண்டு மூட்டையைப் பின்னாடி தள்ளு" என்பார்கள். அச்சுக்கு முன்னால் பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். கெட்டிக்கார வண்டிக்காரர் மாட்டைப் பூட்டும் முன் நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தே பாரம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். லோடர் டிராக்டரில் மாட்டின் கழுத்து இருக்கிற இடத்தில் முன் ஆக்சில் இருக்கிறது. மாடு தலையை ஆட்டியாவது தன் கஷ்டத்தைச் சொல்லும். ஆக்சில் உடைகிற வரைக்கும் சொல்லாது.

சரி, கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான். அரியர் வைத்தவர்களும் தாராளமாகப் படிக்கலாம்.

கணக்குக்கு வசதியாக ஒரு டூ வீல் டிரைவ் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். எடை 2000 கிலோ. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 2 மீட்டர். இந்த வகை டிராக்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான எடை முன்னாலும் மீதி பின்னாலும் இருக்கும். எனவே முன் ஆக்சிலில் 700, பின் ஆக்சிலில் 1300 என்று வைப்போம். இதுதான் கம்பெனியில் இருந்து வந்த வண்டி.

இப்போது லோடரை மாட்டுகிறோம். கை, பக்கெட், பிரேம் எல்லாம் சேர்த்து 400 கிலோ. அதன் ஈர்ப்பு மையம் முன் ஆக்சிலுக்கு அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. பின் ஆக்சிலைப் பற்றி மொமெண்ட் எடுத்தால், முன் ஆக்சிலில் கூடுவது 400 × 2.5 ÷ 2 = 500 கிலோ. கவனியுங்கள்: மாட்டியது 400, கூடியது 500. மீதி 100 கிலோ எங்கிருந்து வந்தது? பின் ஆக்சிலில் இருந்து. பாரம் ஆக்சிலுக்கு வெளியே தொங்கும்போது அது தன் எடையை மட்டும் முன் ஆக்சில் மேல் போடுவதில்லை. சீசா பலகை மாதிரி பின்பக்கத்தைத் தூக்கி, அந்த எடையையும் சேர்த்து முன்னால் போடுகிறது. ஆக, காலி பக்கெட்டோடு நிற்கும்போதே முன்னால் 1200, பின்னால் 1200.

இனி பக்கெட்டில் 500 கிலோ மண். அது முன் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால். முன்னால் கூடுவது 500 × 3.5 ÷ 2 = 875. பின்னால் குறைவது 500 × 1.5 ÷ 2 = 375. இப்போது முன் ஆக்சிலில் 2075 கிலோ, பின் ஆக்சிலில் 825 கிலோ.

700 கிலோ சுமந்துகொண்டிருந்த ஆக்சில் இப்போது 2075 கிலோ சுமக்கிறது. ஏறக்குறைய மூன்று மடங்கு! இதுவும் வண்டி ஆடாமல் அசையாமல் நிற்கும்போது. டிரைவர் பக்கெட்டை வேகமாக இறக்கி லிவரைச் சடக்கென்று விட்டால் என்ன ஆகும்? விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறங்கும் பக்கெட் பத்தில் ஒரு விநாடியில் நின்றால், அந்த நிறுத்தத்துக்கான விசை மட்டுமே மண்ணின் எடைக்குச் சமம். அதாவது 500 கிலோ மண் அந்தக் கணத்தில் 1000 கிலோ போல நடந்துகொள்ளும். லோடர் கையின் சொந்த எடையை விட்டுவிட்டு மண்ணை மட்டும் கணக்கில் எடுத்தாலே முன் ஆக்சில் 2950-க்குப் போகும், பின் ஆக்சில் 450-க்கு இறங்கும். பின் டயர் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவே. "தடியா ஒண்ணு அடிச்சுப் போடுங்க" என்று கேட்பவரிடம் இந்த நான்கு எண்களைக் காட்டினால் போதும்.

இப்போது பின்னால் ஒரு எடையைத் தொங்கவிடுவோம். டிராக்டரின் த்ரீ பாயிண்ட் லிங்கேஜில் 400 கிலோ பெட்டி ஒன்று, பின் ஆக்சிலுக்கு 1 மீட்டர் பின்னால். அதே சீசா கணக்கு, இப்போது எதிர்ப்பக்கம். முன் ஆக்சிலில் குறைவது 400 × 1 ÷ 2 = 200. பின்னால் கூடுவது 600. பக்கெட்டில் மண்ணோடு முன்னால் 1875, பின்னால் 1425.

இந்த இடத்தில் பட்டறையில் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி நியாயமானது. "அதுக்கு எதுக்குப்பா பெட்டி? பின் டயர்ல தண்ணி ரொப்பினா போதாதா?" நம் ஊரில் சேற்றுழவுக்கும் டிரெய்லர் இழுக்கவும் பின் டயரில் தண்ணீர் நிரப்புவது பழைய வழக்கம். டியூபில் முக்கால் பாகம் தண்ணீர், மீதி காற்று. 13.6-28 அளவு டயர் என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் பிடிக்கும். இரண்டு டயருக்கும் சேர்த்து 400 கிலோ. நம் பெட்டியின் எடையும் அதேதான். செலவோ ஒன்றுமில்லை! குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நமக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். டயரில் இருக்கிற தண்ணீர் எங்கே இருக்கிறது? பின் ஆக்சிலுக்கு நேர் கீழும் மேலுமாக. பின் ஆக்சிலில் இருந்து அதன் தூரம் பூஜ்யம். 400 × 0 ÷ 2 = 0. முன் ஆக்சிலில் ஒரு கிலோ கூடக் குறையாது! பின்னால் மட்டும் 825 என்பது 1225 ஆகும். வண்டி குப்புறச் சாயாமல் இருக்க, பின் சக்கரம் வழுக்காமல் இருக்க, பிரேக் பிடிக்க அது உதவும். முன் ஆக்சிலின் மேல் இருந்த 2075 கிலோ அப்படியேதான் இருக்கும். பின் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டுகிற வார்ப்பு வீல் வெயிட்டுக்கும் இதே கதைதான்.

என் கட்டுரையின் சாரம் இந்த ஒரு இடம்தான். அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். பின் ஆக்சிலின் மேல் வைக்கிற எடை பின்பக்கத்தைப் பிடித்து வைக்கும். பின் ஆக்சிலைத் தாண்டித் தொங்குகிற எடைதான் முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கும். அதே 400 கிலோவை ஒன்றரை மீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் முன்னால் 300 குறையும். அதற்காக மேலும் மேலும் தள்ளிக்கொண்டே போகவும் முடியாது. வண்டி திரும்பும்போது பின்னால் நீண்டிருக்கிற எடை டிரெய்லரையோ சுவரையோ போய் இடிக்கும், லிங்கேஜின் தூக்கும் சக்தியும் போதாது.

"வெறும் 200 கிலோவா? 2075-ல் அது பத்தில் ஒரு பங்குதானே" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நேரடியாகக் குறைவது அவ்வளவுதான், அதை மிகைப்படுத்தக் கூடாது. ஆனால் ஆக்சிலை உடைப்பது நின்ற நிலைப் பாரத்தை விட அடியும் குதிப்பும்தான். பின்பக்கம் லேசாக இருக்கிற டூ வீல் டிரைவ் வண்டிக்குப் பிடிமானம் கிடையாது. மண் குவியலுக்குள் மெதுவாக நுழைய முயன்றால் சக்கரம் சுற்றும். டிரைவர் என்ன செய்வார்? பத்தடி பின்னால் போய், வேகமாக வந்து மோதுவார். அந்த மோதல் முழுவதும் லோடர் கை வழியாக முன் ஆக்சில் சப்போர்ட்டுக்குப் போகும். பின்னால் 1425 கிலோ இருந்தால் முதல் கியரில் நிதானமாகத் தள்ளியே பக்கெட்டை நிரப்பலாம். குண்டு குழியில் பின்பக்கம் எழும்பி விழுவதும் அடங்கிவிடும்.

இப்போது பெட்டி மாட்டிய ஓனர்கள் செய்கிற ஒரு காரியம். பின்னால் கனம் வந்ததும் வண்டி தூக்கவே தூக்காத பாரத்தையெல்லாம் தூக்குகிற மாதிரி தெரியும். நம் கணக்குப்படி பெட்டி இல்லாமல் 1600 கிலோ பக்கெட்டில் ஏறினால் பின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். பெட்டியோடு அது 2400 ஆகிறது. உடனே, "பெரிய பக்கெட் போட்டுடலாமா?" என்று கிளம்பிவிடுவார்கள். பெட்டியால் முன் ஆக்சிலுக்குக் கிடைத்த 200 கிலோ சலுகை எவ்வளவு மண்ணில் தீர்ந்துபோகும் தெரியுமா? பக்கெட்டில் போடுகிற ஒவ்வொரு கிலோவும் முன் ஆக்சிலில் 1.75 கிலோவாக இறங்குகிறது. 200 ÷ 1.75, ஏறக்குறைய 115 கிலோ. நாலைந்து சட்டி ஈர மண்! அதைக் கூடுதலாக அள்ளினால் பெட்டி மாட்டியதும் ஒன்றுதான், மாட்டாததும் ஒன்றுதான். அதற்கு மேலும் அள்ளினால் பெட்டி இல்லாத காலமே ஆக்சிலுக்குப் பொற்காலம். பெட்டி இல்லாதபோது பின் சக்கரம் கிளம்பி, "போதும்டா சாமி" என்று எச்சரிக்கவாவது செய்தது. பெட்டி அந்த எச்சரிக்கையையும் எடுத்துவிடுகிறது. ஆகவே பெட்டி மாட்டினாலும் பழைய பக்கெட், பழைய அளவு.

நான் இந்தத் தலைப்பை எடுத்ததற்கு உண்மையான காரணம் இனிமேல்தான் வருகிறது.

பெட்டி இல்லாத இடங்களில் பின்பாரத்துக்கு என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? "டேய், நாலு பேர் பின்னாடி ஏறி நில்லுங்கடா!" லோயர் லிங்கில் ஒரு கால், டிராபாரில் ஒரு கால், மட்கார்டைப் பிடித்தபடி ஆட்கள் நிற்பார்கள். ஒரு செங்கல் சூளையில் நான் பார்த்தபோது நின்றவர்களில் ஒருவனுக்கு நம் வயது கூட இருக்காது. ஆளுக்கு 60 கிலோ என்றால் நாலு பேருக்கு 240. ஒரு மீட்டர் தூரத்தில் முன் ஆக்சிலுக்குக் குறைவது 120 கிலோ. அதற்கு நாலு உயிர்!

லோடர் வேலையின் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். குவியலுக்குள் முன்னே போக வேண்டும், அள்ளிக்கொண்டு ரிவர்ஸ் வர வேண்டும், டிரெய்லருக்கு முன்னே போக வேண்டும், கொட்டிவிட்டு மறுபடி ரிவர்ஸ். வண்டி பாதி நேரம் பின்னோக்கித்தான் போகிறது. டிரைவரின் கண்ணோ பக்கெட்டின் மேல். மண்ணைக் கொட்டுகிற கணத்தில் பின் ஆக்சிலில் 375 கிலோ ஒரே அடியாகத் திரும்பி வருகிறது. அமுங்கியிருந்த முன் டயர் விரிய, விரிந்திருந்த பின் டயர் அமுங்க, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். பின்னால் நிற்பவன் பிடி நழுவினால் விழுகிற இடம் பின் சக்கரத்துக்கு நேர் பின்னால். அடுத்து டிரைவர் போடப்போவது ரிவர்ஸ் கியர். பி.டி.ஓ. ஷாப்டும் அங்கேதான் இருக்கிறது. அது சுற்றிக்கொண்டிருந்தால் லுங்கி நுனி போதும். நண்பர்களே, உங்கள் ஊரில் யாராவது இப்படி நிற்கச் சொன்னால் இந்த 120 கிலோ கணக்கைச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் "ஆபத்து" என்றால் "எத்தனை வருஷமா செய்யறோம்" என்பார்கள். "120 கிலோவுக்காகவா அண்ணே?" என்றால் கொஞ்சம் யோசிக்கிறார்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

முன் ஆக்சிலின் அமைப்பையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். டிராக்டரின் முன் ஆக்சில் கார் மாதிரி ஸ்பிரிங்கில் தொங்குவதில்லை. நடுவில் ஒரே ஒரு சென்டர் பின். அதில் ஆக்சில் தராசு மாதிரி இரண்டு பக்கமும் ஏறி இறங்கும். மேடு பள்ளத்தில் நாலு சக்கரமும் தரையில் பட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. 2075 கிலோவும் அந்த ஒரு பின்னும் அதன் புஷ்ஷும் வழியாகத்தான் ஆக்சிலுக்கு இறங்குகிறது. முதலில் தேய்வது புஷ். பிறகு ஸ்டப் ஆக்சிலின் த்ரஸ்ட் பேரிங், ஹப்பின் டேப்பர் ரோலர் பேரிங். ஸ்டியரிங் கனப்பதுதான் முதல் அறிகுறி. பவர் ஸ்டியரிங் இருந்தால் அந்த அறிகுறியும் டிரைவருக்குத் தெரியாது! வரப்பு வேலைக்காக ஆக்சிலை அகலமாக இழுத்து வைத்திருந்தால், லோடர் மாட்டும் முன் உள்ளே தள்ளிவிட வேண்டும். சக்கரம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஆக்சில் பீமில் வளைக்கும் மொமெண்ட் கூடும். டிரெய்லர் இழுக்க மூக்கில் மாட்டிய முன் வெயிட் இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். முன் டயர் காற்றை, டயர் கம்பெனியின் பட்டியலில் அந்தப் பாரத்துக்கு என்ன போட்டிருக்கிறதோ அந்த அளவுக்கு வைக்க வேண்டும்.

சென்டர் பின்னால் இன்னொரு விளைவும் உண்டு. டிராக்டர் நாலு சக்கரத்தில் நிற்பது போலத் தெரிந்தாலும் உண்மையில் அதன் உடல் நிற்பது மூன்று புள்ளிகளில்: இரண்டு பின் சக்கரம், ஒரு சென்டர் பின். ஒரு முக்கோணம். பின்னால் அகலம், முன்னால் கூர். ஈர்ப்பு மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரை வண்டி பக்கவாட்டில் சாயாது. வெறும் வண்டியில் ஈர்ப்பு மையம் முன் ஆக்சிலுக்கு 1.3 மீட்டர் பின்னால். பின் சக்கரங்களுக்கு இடையே 1.4 மீட்டர் என்று வைத்தால், அந்த இடத்தில் முக்கோணத்தின் ஓரம் நடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 45 செ.மீ. தள்ளி இருக்கும். பக்கெட் நிரம்பினால் ஈர்ப்பு மையம் முன் ஆக்சிலுக்கு 57 செ.மீ. வரை நெருங்கிவிடும். அங்கே முக்கோணத்தின் ஓரம் வெறும் 20 செ.மீ. பெட்டி மாட்டினால் 30 செ.மீ. இவை ரஃப் கணக்குதான், சென்டர் பின்னின் உயரத்தை நான் எடுக்கவில்லை. பக்கெட்டை மேலே தூக்கியபடி வரப்போரம் போனால் ஈர்ப்பு மையமும் மேலே ஏறும். அப்போது 20 செ.மீ. என்பது ஒரு சக்கரம் குழியில் இறங்குகிற தூரம். லோடர் டிராக்டர் குப்புற விழுவதை விடப் பக்கவாட்டில் சாய்வதுதான் பயங்கரம், ஏனென்றால் அதில் எச்சரிக்கை இல்லை. அதனால்தான் பாரத்தோடு நகரும்போது பக்கெட் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். சரிவில் இறங்குவதென்றால் பக்கெட் மேட்டுப் பக்கம் இருக்க ரிவர்ஸில் இறங்க வேண்டும். நம் ஊர் டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். பின் சக்கரம் லேசானால் பிரேக்கும் லேசுதான்.

சரி, பெட்டிக்கு எங்கே போவது? சில லோடர் கம்பெனிகளே விற்கின்றன. நாமே செய்வதானால் மலிவான வழி 200 லிட்டர் ஆயில் பேரல். அதில் முழுக்கத் தண்ணீர் ஊற்றினால் 200 கிலோ, காய்ந்த மணல் போட்டால் ஏறத்தாழ 320, கான்கிரீட் போட்டால் 480. நமக்கு வேண்டிய 400-க்கு ஆறில் ஐந்து பங்கு உயரம் கான்கிரீட் போதும். பேரலின் கீழ்ப்பாகத்தில் குறுக்கே ஒரு மைல்ட் ஸ்டீல் ஷாப்ட், இரண்டு முனையும் லோயர் லிங்குக்காக. முதல் கேட்டகரி லிங்கேஜ் என்றால் முனை 22 மி.மீ., இரண்டாம் கேட்டகரி என்றால் 28 மி.மீ. லேத் தெரிந்த நமக்கு இது முதலாண்டு எக்சர்சைஸ். ஷாப்ட் கான்கிரீட்டுக்குள் சுழலாமல் இருக்க அதில் முறுக்குக் கம்பித் துண்டுகளைக் குறுக்காக வெல்டிங் வைக்க வேண்டும். மேலே டாப் லிங்குக்கு இரண்டு பட்டை, அவையும் கான்கிரீட்டுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பழைய பேரலின் மூடியைக் கேஸ் கட்டிங்கில் வெட்டாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கிற ஆயில் ஆவி வெடிக்கும். உளியும் சுத்தியலும் போதும். வார்த்த பிறகு 28 நாள் கழித்துத்தான் தூக்க வேண்டும். அதுவரை தினமும் சாக்குப் போட்டு நனைக்க வேண்டும். சிவில் நண்பர்கள் விளக்குவார்கள்.

மாட்டும்போது செக் செயின் இரண்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 400 கிலோ ஊஞ்சலாடும். ஹைட்ராலிக் லிவரைப் பொசிஷன் கண்ட்ரோலில் வைக்க வேண்டும். டிராப்ட் கண்ட்ரோலில் வைத்தால் லிங்கேஜில் படும் விசைக்கு ஏற்ப அது தானே ஏறி இறங்கப் பார்க்கும். பேரல் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் எழும்ப வேண்டியதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு, மறைக்கக் கூடாது. டிராக்டருக்கு லாரி மாதிரி தனியாக சேஸிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் ஹவுசிங், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் ஹவுசிங் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்டு அதுவே முதுகெலும்பாக நிற்கிறது. முன்னாலும் பாரம், பின்னாலும் பாரம் என்றால் அந்த முதுகெலும்பு நடுவில் வில் மாதிரி மேல்நோக்கி வளையப் பார்க்கும். கிளட்ச் ஹவுசிங் போல்ட் தளர்வதும், வார்ப்பில் விரிசல் விழுவதும் அதனால்தான். லோடர் வாங்கும்போது அதன் பிரேம் எஞ்சினோடு நின்றுவிடுகிறதா, பின் ஆக்சில் ஹவுசிங் வரை நீண்டு போகிறதா என்று குனிந்து பாருங்கள். பின் ஆக்சில் வரை போகிற சப் பிரேம்தான் பின்பாரத்தைத் தாங்கத் தகுந்தது. பின் டயரும் 1425 கிலோவுக்குக் காற்றுப் பிடித்திருக்க வேண்டும்.

நம் ஊரில் மஞ்சள் மெஷின் எதைப் பார்த்தாலும் "ஜேசிபி" என்கிறோமே, அந்த ஜேசிபி கம்பெனி தன் முதல் பேக்ஹோ லோடரைக் கொண்டுவந்தது 1953-ல். முன்னால் பக்கெட், பின்னால் தோண்டுகிற கை. பின்னால் மடித்து வைத்த அந்தக் கையின் எடையே முன் பக்கெட்டுக்குப் பின்பாரம்! நம் பேரலுக்குச் சம்பளம் கிடையாது, அது சும்மா தொங்குகிறது. அங்கே அந்த எடையும் வேலை செய்து சம்பாதிக்கிறது.

படித்ததை நம்ப வேண்டாம், அளந்து பார்க்கலாம். எந்த ஊரிலும் ஒரு எடைமேடை இருக்கும். முன் சக்கரம் மட்டும் மேடையில் ஏற ஒரு எடை, முழு வண்டியும் ஏற ஒரு எடை. கழித்தால் பின் ஆக்சில். காலி பக்கெட், நிறைந்த பக்கெட், டயரில் தண்ணீரோடு, பேரலோடு என்று நாலு தடவை எடுத்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பைனல் இயர் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிற ஜூனியர்கள் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டியின் எண்கள் என் எண்களோடு ஒத்துப்போகாது. உங்கள் வீல்பேஸும் பக்கெட் தூரமும் வேறு.

லோடர் வேலை முடிந்து லோடரைக் கழற்றினால் பேரலையும் அன்றே கழற்றிவிட வேண்டும். லோடர் இல்லாமல் பேரல் மட்டும் தொங்கினால் நம் வண்டியின் முன் ஆக்சிலில் 500 கிலோதான் மிஞ்சும், மொத்தம் 2400-ல் ஐந்தில் ஒரு பங்குக்கு மயிரிழை மேலே. முன் ஆக்சிலில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று பல டிராக்டர் கையேடுகளில் போட்டிருக்கிறது. அதோடு டிரெய்லரை மாட்டி மேடு ஏறினால் ஸ்டியரிங் கையில் இருக்கும், முன் சக்கரம் காற்றில் இருக்கும். கழற்றும்போது பேரலைச் சமதரையில், கீழே இரண்டு கட்டை வைத்து இறக்குங்கள். மண்ணில் அப்படியே இறக்கினால் மழைக்குப் புதைந்துபோய், அடுத்த தடவை மாட்டும்போது ஷாப்ட் லிங்குக்கு எட்டாது. பிறகு கடப்பாரையோடு நாலு பேரைக் கூப்பிட வேண்டிவரும்.